முதலைக்கு நாக்கு நீளாமல் போன கதை

அந்தக் காலத்தில் கொள்ளிடத்து முதலைக்கு மடி இருந்தது. குட்டி போட்டது, பால் கொடுத்தது. நம்பாதவர்கள் போகலாம்.

ஒரு ஆடி மாதம், ஒரே மடுவில் கிடந்த இரண்டு பேருக்கு ஒரே நாளில் பிரசவம். காரி என்கிற எருமை கன்று போட்டாள். மடுவாச்சி என்கிற முதலை ஒற்றைக் குட்டி போட்டாள். இரண்டு பிள்ளைக்கும் ஒரே கோளாறு. காம்பைக் கவ்வும், சப்பும், நழுவவிடும். டக் டக்கென்று சத்தம்தான் வரும். பால் கடைவாயில் வழிந்துவிடும். தாய்க்குக் காம்பெல்லாம் வெடிப்பு. பிள்ளைக்கு வயிறு முதுகோடு போய்க்கொண்டிருந்தது.

மடுவாச்சிக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாலு நாளாக மடுவைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"நீ சுத்துறதுல சேறுதான் கலங்குது அக்கா. நண்டு வைத்தியர்கிட்ட போவோம், கிளம்பு" என்றாள் காரி.

கரையோர வளையில் இருந்தார் வைத்தியர். முன்னால் ஒரு நீர்நாய், குட்டியோடு. குட்டியின் வாயைப் பார்த்துவிட்டு, "நாக்குக்கு அடியில சவ்வு இருக்கு. பால் குடிக்குதா?" என்றார்.

"நல்லா குடிக்குதுங்க."

"உடம்பு தேறுதா?"

"தூக்க முடியலைங்க."

"அப்ப எதுக்கு வந்தே? வெட்டணும்னு ஆசையா? போ."

அடுத்து காரியின் கன்று. கொடுக்கால் நாக்கைத் தூக்கினார். சவ்வு நுனிவரைக்கும் இழுத்துப் பிடித்திருந்தது. நாக்கு ஈறைத் தாண்டவில்லை.

"இதுதான் வம்பு."

ஒரே வெட்டு. கன்று அலறியது.

"மடியில விடு. இப்பவே. அழுதுகிட்டே குடிக்கட்டும். நாக்கு அசைஞ்சுகிட்டே இருக்கணும். சும்மா கிடந்தா புண்ணு ஒட்டிக்கும்."

கன்று அழுதது, முட்டியது, கவ்வியது. டக் டக் சத்தம் நின்றது. மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்டது. காரி கண்ணை மூடிக்கொண்டாள்.

மடுவாச்சியின் குட்டிக்கும் அதே சவ்வு, அதே வெட்டு. ஒரு சொட்டு ரத்தம். குட்டி உடம்பெல்லாம் நடுங்கியது.

"மடியில விடும்மா!"

"பிள்ளை துடிக்குது வைத்தியரே. கொஞ்சம் ஆறட்டும்."

"துடிக்கட்டும்! விடுன்னா விடு!"

முதலைச் சாதிக்கு ஒரு பழக்கம். பயம் வந்தால் பிள்ளையை வாயில் போட்டுக்கொள்வார்கள். மடுவாச்சியும் குட்டியைக் கவ்வினாள், ஆழத்துக்குப் போய்விட்டாள். "அடி அக்கா, எங்கே போறே?" என்று காரி கத்தியது தண்ணீருக்கு மேலேயே நின்றுவிட்டது.

மூன்று நாள். "நாக்கை அசைக்காதே கண்ணு, வலிக்கும். வாயை மூடிக்கிட்டுப் படு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். குட்டி சொன்னபடி கேட்டது. பாவம்.

நாலாம் நாள் பார்த்தாள். புண் ஆறியிருந்தது. ஆறிய வேகத்தில் நாக்கு முழுசும் வாயின் அடியோடு ஒட்டிப் போயிருந்தது. ஓடினாள் வைத்தியரிடம்.

"இன்னொரு தடவை வெட்டுங்க!"

"எதை வெட்ட? அன்னிக்கு இருந்தது நூல். இன்னிக்கு நாக்கே அடியோட அடியா ஒட்டிக் கிடக்கு. வெட்டினா நாக்கு மிஞ்சாது."

"என் பிள்ளை செத்துடுமே!"

வைத்தியர் கொடுக்கை மடக்கிக்கொண்டார்.

குட்டி கரையோரம் தண்ணீரில் கிடந்தது. ஒரு கெண்டை பக்கத்தில் துள்ளியது. டப்பென்று வாயை மூடியது குட்டி. சப்பவில்லை, சுவைக்கவில்லை. தலையைத் தூக்கி அப்படியே விழுங்கிவிட்டது. இன்னொரு கெண்டை. இன்னொன்று.

மடுவாச்சி மடியைக் காட்டிக்கொண்டு பக்கத்தில் போய்ப் படுத்தாள். குட்டி அவளைச் சுற்றிக்கொண்டு மீன் பின்னால் போனது.

"பிழைச்சிடுச்சே அக்கா, அது போதாதா?" என்றாள் காரி.

"பிழைச்சிடுச்சு. என்கிட்ட வரலியே."

பால் கட்டிக்கொண்டு ஒரு வாரம் வலித்தது. பிறகு வற்றியது. மறுவருஷம் அவள் முட்டைதான் இட்டாள்.

எருமைக்கன்று இன்றைக்கும் நாக்கைச் சுழற்றி மூக்குக்குள் விடுகிறது. முதலை நாக்கு அன்றைக்கு ஒட்டியதுதான். எவ்வளவு வாயைப் பிளந்தாலும் வெளியே வருவதில்லை. அதன் குட்டி தாயிடம் பால் கேட்பதுமில்லை.