வேலாத்தாவின் கூரையும் ஏழு கொட்டாங்குச்சியும்

மலையடிவாரக் காட்டில் வேலாத்தா என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தாள். பாறை இடுக்கில் அவள் வீடு. மேலே தேக்கிலையை அடுக்கி வேய்ந்த கூரை. உள்ளே மூன்று குட்டிகள். மூலையில் எழுபத்தைந்து வள்ளிக்கிழங்கு. அடைமழையில் வெளியே போக முடியாத நாட்களுக்கு அந்த நாலு வயிறும் அந்தக் கிழங்கை நம்பித்தான் இருந்தன.

ஐப்பசி பிறந்தது. முதல் மழையிலேயே மேற்கு மூலையில் சொட்டுச் சொட்டென்று தண்ணீர் விழுந்தது. வேலாத்தா அதற்கடியில் ஒரு கொட்டாங்குச்சியை வைத்தாள். மேலே ஏறிப் பார்க்கலாம் என்றால் அவள் உடம்பெல்லாம் முள். ஏறினால் கூரையே கந்தலாகிவிடும்!

பக்கத்துப் புதரில் ஒரு தையல்சிட்டு குடியிருந்தாள். இலையோடு இலை சேர்த்துத் தைத்துத் தன் கூட்டைத் தானே கட்டியவள்.

"அக்கா, நான் வேணா ஏறிப் பாக்கட்டுங்களா?" என்று கேட்டாள்.

"போடி! கட்டைவிரல் தண்டி இருந்துக்கிட்டு நீ கூரை வேலை பாப்பியா? இதுக்கெல்லாம் மேஸ்திரியைத்தான் கூப்பிடோணும்!" என்றாள் வேலாத்தா.

மேஸ்திரி என்றால் அந்தக் காட்டில் ஒருத்தர்தான். சிங்காரம் என்ற குரங்கு. மற்ற குரங்குகள் நாலு காலில் ஓடும். சிங்காரம் மட்டும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு இரண்டு காலில்தான் நடப்பார். மேஸ்திரி அல்லவா!

வந்தார். வேப்பமரக் கிளையிலிருந்து கூரைமேல் தொப்பென்று குதித்தார். பாதிக் கூரைவரை தொம் தொம் என்று நடந்தார். ஓர் இலையைச் செருகினார். இறங்கினார்.

"சின்ன வேலைதான் அம்மணி. அஞ்சு கிழங்கு குடு, போதும்."

வேலாத்தா கொடுத்தாள். அடுத்த மழையில் நாலு இடத்தில் ஒழுகியது!

"ஏனுங்க மேஸ்திரி, ஒண்ணு நாலாயிருச்சே! அந்தப் பழைய மூலையும் நிக்கலையே!"

"பழசு ஈரம் காயற வரைக்கும் சொட்டத்தான் செய்யும். மத்ததெல்லாம் உள்ளுக்குள்ள இருந்த சீக்கு, இப்பத்தான் வெளிய தெரியுது. நான் பாக்கலைன்னா என்னாயிருக்கும்? பத்துக் கிழங்கு எடு!"

மறுபடி ஏறினார். இந்தத் தடவை மறுபாதிக் கூரையிலும் தொம் தொம் என்று நடந்தார். பத்துக் கிழங்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். அதற்கடுத்த மழையில் ஏழு இடத்தில் ஒழுகியது. ஏழு கொட்டாங்குச்சி! குட்டிகள் நனையாமல் படுக்க வீட்டில் இடமே இல்லை.

மூன்றாம் தடவை மேஸ்திரி கூரைமேல் ஏறவேயில்லை. வாசலில் நின்றபடியே கொட்டாங்குச்சிகளை எண்ணினார். உச்சுக் கொட்டினார்.

"மொத்தக் கூரையும் போச்சு அம்மணி! பிரிச்சுட்டுப் புதுசாத்தான் வேயோணும். இருக்கற அறுபது கிழங்கையும் எடுத்து வெச்சுரு."

வேலாத்தா கிழங்குக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். "அறுபதுமா! அப்புறம் எங்குழந்தைங்க எதைத் திங்கும்?"

"அது உன் பாடு. நாளைக்கு மத்தியானம் வருவேன். அதுக்கப்புறம் வந்தா விலை ஏறிரும், ஆமா!"

அவர் போனதும் எதிர்வீட்டு முயல் செங்காதன் வந்தார். "குடுத்துரு வேலாத்தா. நான் ஒரு மூட்டைக் கடலை குடுத்தேன். எங்க வீட்லயும் முதல்ல ஒண்ணுதான் ஒழுகுச்சு. அவர் வர வர ஒம்போதாச்சு. என்ன பண்றது? எல்லாரும் அப்படித்தான் குடுத்தோம்."

'அவர் வர வர' என்ற சொல் மட்டும் வேலாத்தாவுக்குள் முள்ளாய்த் தைத்தது. உள்ளே போய் ஏழு கொட்டாங்குச்சிகளையும் உற்றுப் பார்த்தாள்.

மேற்கு மூலையில் ஒன்று தனியாக இருந்தது. முதன்முதல் வைத்தது. அது இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. மற்ற ஆறும் வேப்பமரப் பக்கமிருந்து வாசல்வரை ஒரே வரிசையில் இருந்தன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரே அளவு இடைவெளி!

"அட! மழைக்கு இப்படி வரிசை பிடிச்சு ஒழுகத் தெரியுமா?" என்றாள் வேலாத்தா. ஒரு கொடியை எடுத்தாள். இரண்டு கொட்டாங்குச்சிகளுக்கு நடுவே வைத்து அளந்து கடித்து நறுக்கினாள். பிறகு புதர்ப் பக்கம் போனாள். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

"சிட்டு, அன்னிக்கு உன்னை எளப்பமாப் பேசிப்போட்டேன். மனசுல வெச்சுக்காத. மேல ஏறி என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லு கண்ணு."

சிட்டு விர்ரென்று பறந்தாள். விர்ரென்று திரும்பினாள். "அக்கா! மூலையில ஒரு இலை மடங்கிக் கெடக்கு, அவ்வளவுதான். மத்த ஆறும் மிதிச்சு ஒடைச்சது! கட்டைவிரல் தனியா, நாலு விரல் தனியா, அச்சு அப்படியே இருக்கு!"

"நெனைச்சேன்! நாளைக்கு வரட்டும் அந்தப் பெரிய மனுசன்!" என்று வேலாத்தா முட்களைச் சிலிர்த்தாள்.

மறுநாள் மத்தியானம். செங்காதன், உடும்பு, கீரி என்று அக்கம்பக்கமெல்லாம் கூடி நின்றது. வேலாத்தாதான் கூப்பிட்டிருந்தாள். கூட்டத்தைக் கண்டதும் சிங்காரத்துக்குத் தலைகால் புரியவில்லை. தன் பெருமையைப் பார்க்க வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டார். வாசல் சேற்றில் சளக் சளக்கென்று நடந்து வந்தார்.

"கிழங்கு தயாரா?"

"தயாருங்க மேஸ்திரி. ஒரே ஒரு அளவு மட்டும் பாத்துக்கறேன்" என்ற வேலாத்தா, கொடியைச் சேற்றில் பதிந்த அவருடைய இரண்டு காலடிகளுக்கு நடுவே வைத்தாள். கச்சிதமாகப் பொருந்தியது! "எல்லாரும் பாருங்க! இப்ப உள்ள வாங்க!" அதே கொடியைக் கொட்டாங்குச்சிகளுக்கு நடுவே வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று... ஐந்து இடைவெளியும் பொருந்தின!

"ஒழுகலுக்கும் என் காலுக்கும் என்ன சம்பந்தம்? வேற எவனாவது நடந்திருப்பான்!" என்று சிங்காரம் சீறினார்.

"கூரை மேல அச்சு இருக்குது மேஸ்திரி! இந்தக் கூட்டத்துல காலுல கட்டைவிரல் தனியா நிக்கறது யாருக்கு?" என்று உத்தரத்திலிருந்து கூவினாள் சிட்டு.

எல்லாரும் தங்கள் தங்கள் காலைப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மேஸ்திரியின் காலைப் பார்த்தார்கள்.

"அடப்பாவி! நீயே மிதிச்சு ஒடைச்சுட்டு, ஒடைஞ்சதுக்கு எங்கிட்டயே கூலி வாங்கினியா?" என்று செங்காதன் குதித்தார்.

"எங்கிட்டயும்!"

"எங்கிட்டயும்!"

சிங்காரம் நைசாக வாசல்பக்கம் நகர்ந்தார். அங்கே வேலாத்தா முட்களை விரித்து வழியை அடைத்து நின்றாள். "என் பதினஞ்சு கிழங்கு வந்தாகோணும். செங்காதன் அண்ணன் கடலையும், மத்தவங்ககிட்ட வாங்கினதும் வந்தாகோணும். தின்னு தீத்திருந்தா தோண்டிக் குடுங்க!"

வாங்கியதில் ஒன்றுகூட மிச்சமில்லை. மேஸ்திரி மூன்று நாள் மழையில் மண் தோண்டி எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தார். இடுப்பில் கைவைக்க நேரமே இல்லை. நாலு காலில்தான் நின்றார்!

மழை விட்டதும் கூரை வேலை சிட்டுக்குப் போனது. வேலாத்தா தன் உடம்பிலிருந்து உதிர்ந்த பழைய முட்களைப் பொறுக்கிக் கொடுத்தாள். சிட்டு புதுத் தேக்கிலைகளை வைத்து, அந்த முட்களாலேயே குத்தித் தைத்தாள். ஏழு ஓட்டையையும் அரை நாளில் மூடிவிட்டாள்!

"கூலி என்ன வேணும் கண்ணு?"

"நீங்க கிழங்கு தோண்டறப்ப மண்ணுல நெளியற புழுவெல்லாம் எனக்கு. அது போதுங்க்கா!"

அன்று சாயங்காலம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. வேலாத்தா கூரையையே பார்த்திருந்தாள். ஒரு சொட்டு விழவில்லை! குட்டிகள் காய்ந்த கொட்டாங்குச்சிகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீடு முழுக்க ஆடின. மூலையில் எழுபத்தைந்து கிழங்கும் பத்திரமாக இருந்தன. வேலாத்தாவுக்குச் சந்தோஷத்தில் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

பழுது எங்கே, எதனால் என்று தானே பார்த்துத் தெரிந்துகொள்ளாமல் விலை பேசுகிறவருக்கு, ஓர் ஓட்டைக்கு ஒரு வீட்டையே விலையாகக் கொடுக்க நேரும்.