லேமினேட் செய்த படிவம்

“நிஜமா எத்தனை பேப்பர் மேடம்? அதை மட்டும் சொல்லுங்க.”

“பதினொன்னு.”

“அது தாள்ல போட்டிருக்கறது. நான் நிஜத்தைக் கேக்கறேன்.”

பொருளியல் பேராசிரியர் மெஹருன்னிசா கடிகாரத்தைப் பார்த்தார். நாலேகால். அவர் கையெழுத்திட்ட படிவம் ஐந்து மணிக்குள் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் எதிரில் நிற்பவரின் பட்டத்தில் கணிதம் மட்டும் இருக்கும். பொருளியல் இருக்காது.

கேட்டவர் அருமைநாயகம். விமானப்படை ஸ்டோர்ஸில் இருபது வருடம் இருந்துவிட்டு, நாற்பத்திரண்டு வயதில் கணிதம் படிக்க வந்தவர். கூடவே பொருளியலை இரண்டாம் முதன்மைப் பாடமாக எடுத்திருந்தார். இரண்டும் பட்டத்தில் இருந்தால் ஜூனில் வந்து சேரலாம் என்று ஒரு பயிற்சிக் கல்லூரி அவருக்குக் கடிதம் கொடுத்திருந்தது.

அந்தக் கடிதத்தை அவர் லேமினேட் செய்து வைத்திருந்தார்.

“மொத வருஷமே ஒரு சீனியர் சொன்னார் மேடம். பாதியில ஒரு பேப்பரைச் சேத்துடுவாங்களாம். கேட்டா, ஆரம்பத்துலேர்ந்தே இருந்துதேன்னு சொல்வாங்களாம்.”

“சேத்தோமா?”

“இல்லை. அதான் உறுத்துது.”

பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அருமைநாயகம் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

“படிவத்தைக் கொடுங்க சார்,” என்றார் ஆசிரியர். மாணவர்தான். ஆனாலும் தன்னைவிட எட்டு வயது மூத்தவரை அவர் அப்படித்தான் அழைப்பார்.

அருமைநாயகம் நீட்டினார். ஆனால் விடவில்லை. கீழ் ஓரத்தை அவருடைய பெருவிரல் அழுத்திப் பிடித்திருந்தது.

அதுவும் லேமினேட் செய்யப்பட்டிருந்தது.

“வாங்கின அன்னைக்கே பண்ணிட்டேன். இனிமே ஒருத்தரும் இதுல ஒரு எழுத்து சேக்க முடியாது.”

ஆசிரியர் பேனாவைத் திறந்து முதல் கட்டத்தில் கையெழுத்திட்டார். மை முத்து முத்தாகத் திரண்டு நின்றது. விரலால் ஒரு தேய்ப்பு. ஒன்றும் இல்லை.

“பேனா சரியில்லை,” என்றார் அருமைநாயகம். தன் பேனாவை எடுத்துக் கொடுத்தார்.

அதுவும் அழிந்தது.

“அங்கிள், சிடி மார்க்கர் வேணுமா?” என்றாள் வரிசையில் நின்ற ஒரு பெண்.

அவர் அதை வாங்கி, மூடியைத் திறந்து, முகர்ந்து பார்த்துவிட்டு ஆசிரியரிடம் கொடுத்தார்.

இந்த முறை கையெழுத்து நின்றது. அருமைநாயகத்தின் முகம் மலர்ந்தது. ஆசிரியர் மேஜையிலிருந்த சானிடைசரை ஒரு சொட்டு விட்டுத் தேய்த்தார். அதுவும் போனது.

“பதிவாளர் ஆபீஸ்ல இருக்கறவரும் உங்களை மாதிரிதான் சார். தேய்ச்சுப் பாப்பார்.”

அருமைநாயகம் பிளாஸ்டிக்கின் ஒரு மூலையை நகத்தால் பிரித்தார். அச்சு எழுத்துகளும் சேர்ந்து உரிந்து வந்தன. கையை எடுத்துக்கொண்டார்.

நாலரை.

“புதுசு ஒன்னு தரட்டுமா?”

“அதுல எத்தனை பேப்பர்?”

ஆசிரியர் ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். அருமைநாயகம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரல் வைத்து வாசித்தார். அதே பதினொன்று. அதே வரிசை. கடைசி வரிக்கு மேலே விரல் நின்றுவிட்டது.

“திருப்தியா?”

“கிளாஸ்ல நீங்கதானே மேடம் சொன்னீங்க? பழைய வண்டி விக்கறவனுக்கு வண்டியோட கதை தெரியும், வாங்கறவனுக்குத் தெரியாதுன்னு. அப்ப வாங்கறவன் சந்தேகப்படாம என்ன பண்ணுவான்?”

“படட்டும். இந்த மேஜையில கதை தெரிஞ்சு விக்கறவர் யாரு?”

அருமைநாயகம் தன் கையிலிருந்த மார்க் ஷீட்டைப் பார்த்தார்.

ஆசிரியர் புதுப் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். பதினொரு கட்டங்களிலும் மளமளவென்று கையெழுத்திட்டார். அடியில் முத்திரை குத்தினார். அவர் பக்கம் தள்ளினார்.

“மேடம், நீங்க என் மார்க் ஷீட்டையே பாக்கலை.”

“இல்லை.”

“எந்த செமஸ்டர், என்ன கிரேடு, எல்லாம் காலியா இருக்கு.”

“எழுதிக்கோங்க.”

“நான் பாட்டுக்கு எதையாவது எழுதிட்டேன்னா?”

“அடுத்து யாரு?” என்றார் ஆசிரியர், வரிசையைப் பார்த்து.

அருமைநாயகம் ஜன்னலோர பெஞ்சில் போய் உட்கார்ந்தார். படிவத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். திருப்பிப் பார்த்தார். ஒவ்வொரு கையெழுத்தாக ஒப்பிட்டார். எங்கேயோ ஏதோ இருக்க வேண்டும்.

எதுவும் இல்லை.

எழுத ஆரம்பித்தார். நுண்பொருளியல், இரண்டாம் பருவம். பேரியல் பொருளியல், மூன்றாம் பருவம். புள்ளியியல். கணித முறைகள். பத்து வரிகள் நிரம்பின. பதினொன்றாவது, ஆட்டக் கோட்பாடு.

அதற்குக் கீழே அந்தக் கடைசி வரி இருந்தது. ‘இரண்டு முதன்மைப் பாடங்களுக்கும் பொதுவாகக் காட்டக்கூடியவை இரண்டு பாடங்கள் மட்டுமே.’

பழைய படிவத்தைப் பார்த்தார். பிளாஸ்டிக்கின் மேல், அதே வரியில், பெருவிரல் பட்டுப் பட்டு ஒரு மங்கல் படிந்திருந்தது.

புள்ளியியல், கணித முறைகள், ஆட்டக் கோட்பாடு. மூன்றையும் போன மாதமே கணிதத் துறைப் படிவத்தில் காட்டிவிட்டார். ஒன்று அதிகம்; அதை எடுத்துவிட்டால் பொருளியல் பட்டத்தில் ஏறாது. கணிதத் துறை வேறு கட்டடம். இரண்டு படிவங்களையும் சேர்த்து வைத்துப் பார்ப்பவர் பதிவாளர் அலுவலகத்திலும் ஒருவரும் இல்லை. அதை அவர் முதல் வருடமே விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தார்.

கையெழுத்து இருந்தது. முத்திரை இருந்தது. மணி நாலு ஐம்பது. பதிவாளர் அலுவலகம் இரண்டு நிமிட நடை.

கொஞ்ச நேரம் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார்.

பிறகு எழுந்து நேராக மேஜைக்கு வந்தார்.

“அங்கிள், லைன்ல வாங்க!” என்றாள் மார்க்கர் கொடுத்த பெண்.

அவர் காதில் அது விழவில்லை. படிவத்தை ஆசிரியர் முன்னால் வைத்தார். கையை எடுத்துவிட்டார். கடைசிக் கட்டத்தில், ஆசிரியரின் கையெழுத்துக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்திருந்தார்.

“மேடம், ஒரு இடத்துல நீங்க அதிகமா கையெழுத்துப் போட்டுட்டீங்க.”

ஆசிரியர் அந்தக் கோட்டைப் பார்த்தார். பிறகு அவரை.

“நிஜமா எத்தனை பேப்பர் சார்?”

“பத்து.”