மஞ்சபுத்தூர் கச்சேரியின் கடைசி ஆள்

இந்தக் கதையை எழுதுகிறவனுக்கே இதில் பல வருஷமாகச் சந்தேகம் உண்டு. ஓர் ஊர் முழுக்க இப்படி இருக்க முடியுமா என்று கேட்டுக்கொள்வான். பிறகு தன் ஊரை நினைத்துப் பார்ப்பான், சந்தேகம் கொஞ்சம் குறையும். மறுநாள் காலையில் திரும்பவும் வந்துவிடும். ஆனால் சொன்னவர் பொய் சொல்லத் தெரியாதவர். பொய் சொல்லக் கொஞ்சமாவது சாமர்த்தியம் வேண்டும் அல்லவா? அதனால் அவர் சொன்னபடியே இருக்கட்டும்.

சொன்னவர் பெயர் வெயிலுமுத்து. மஞ்சபுத்தூர் கடைவீதியில் மிக்சி, கிரைண்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். வாழ்க்கையில் அவருக்கு ஒரே ஓர் ஆசை. பாடகி திலகவதி ரேடியோவில் பாடும், 'தூறலே, எங்க தெருவுக்கும் வா' என்று தொடங்கும் பாட்டை ஒரு தடவையாவது முதலிலிருந்து முடிவு வரை கேட்டுவிட வேண்டும். அந்தப் பாட்டு வரும்போதெல்லாம் கடையில் யாராவது மிக்சியோடு நிற்பார்கள். ஓட்டிக் காட்டச் சொல்வார்கள். முதல் வரி முடிவதற்குள் மிக்சி அலற ஆரம்பித்துவிடும். அதை நிறுத்தும்போது ரேடியோவில் உர விளம்பரம் போய்க்கொண்டிருக்கும்.

"ரேடியோ சத்தத்தைக் கூட்டி வையுங்களேன்" என்றாள் மனைவி ராஜகனி.

"கூட்டி வச்சா மிக்சி ஓடுதா இல்லையான்னு எப்படித் தெரியும்?" என்றார் அவர். அதுவும் நியாயம்தான் என்று அவள் கடைக்குப் பின்னால் இருந்த அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்த வருஷம் அக்னி நட்சத்திர வெயிலில் கடைவீதிக்கு ஆள் வருவதே நின்றுபோனது. வர்த்தகர் சங்கம் கூடியது. சங்கத் தலைவர் அனஞ்சபெருமாளுக்கு ஜவுளிக்கடை. செயலாளர் சுடலைமணிக்கு மருந்துக்கடை. கோடை முடிகிறவரை சனிக்கிழமைதோறும் சாயங்காலம் மணிக்கூண்டுக்கு முன்னால் திறந்தவெளியில் இலவசக் கச்சேரி வைப்பது என்று முடிவாயிற்று. பாட்டுக் கேட்க வருகிறவர்கள் போகும்போது வேட்டி வாங்குவார்கள், தலைவலி மாத்திரையும் வாங்குவார்கள் என்பது கணக்கு.

முதல் சனிக்கிழமை, பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர், "கூட்டம் ஒரே இடத்துல நின்னு பாதையை மறிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். சங்கத்தார் அதைத் தட்டவில்லை. வந்தவர்கள் யாரையும் நிற்க விடாமல் நடக்க விட்டார்கள். ஊரே மணிக்கூண்டைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டைச் சுற்றி, திரும்பவும் மணிக்கூண்டுக்கு வந்தது. பல்லவி கேட்டவர்கள் சரணத்தின்போது பஸ் ஸ்டாண்டில் இருந்தார்கள். பாட்டு பிடித்தவர்கள் வேகமாக நடந்தார்கள். டீ குடித்துவிட்டு வந்த போலீஸ்காரர் ஏதோ ஊர்வலம் என்று நினைத்து முன்னால் நடந்து வழி ஏற்படுத்திக் கொடுத்தார்.

இரண்டாவது சனிக்கிழமை, மிருதங்கக்காரர் சாப்பிடப் போகும்போது, "இந்த வெயிலுக்குத் தோல் தாங்காதுங்க. கொஞ்சம் குளிர்ச்சியான இடமாப் பாத்து வையுங்க" என்றார். ஊரிலேயே குளிர்ச்சியான இடம் ஐஸ்கிரீம் கடைக்காரரின் பெட்டி. ஐஸ்கிரீமை எல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டு மிருதங்கத்தை உள்ளே வைத்தார்கள். அன்று மிருதங்கத்தைத் தட்டினால் சத்தம் வரவில்லை, தண்ணீர்தான் வந்தது. ஐஸ்கிரீமும் தண்ணீராகிவிட்டதால் யாரும் தாகத்தோடு திரும்பவில்லை என்று சுடலைமணி சங்கக் கூட்டத்தில் பெருமையாகச் சொன்னார்.

மூன்றாவது சனிக்கிழமைக்குத் திலகவதி வருவதாக ஏற்பாடு. வெயிலுமுத்து கடையை அடைத்துவிட்டு உச்சி வெயிலிலேயே வந்து மேடைக்கு நேர் முன்னால் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார். தார் ரோடு கொதித்தது. அவர் அசையவில்லை.

மைக்செட்காரர் வெளியூர்க்காரர். பெட்டிகளைக் கட்டி முடித்தவர், வேறொரு கல்யாண வீட்டுக்குப் போகிற அவசரத்தில் தலைவரிடம் சொன்னார்: "கடைசியில இருக்கிற ஆளுக்குக் கேக்குதான்னு பாத்துக்கிட்டு ஆரம்பிங்க. கேட்டா கையைத் தூக்கச் சொல்லுங்க."

வண்டி கிளம்பியதும் சங்கத்தார் வட்டமாக உட்கார்ந்தார்கள்.

"கடைசி ஆளுன்னா யாருவே?" என்றார் அனஞ்சபெருமாள்.

"எல்லாருக்கும் பின்னால வர்றவரு" என்றார் சுடலைமணி.

"அவருக்குப் பின்னால இன்னொருத்தர் வந்துட்டாருன்னா?"

"அப்போ இவரு கடைசிக்கு முந்தின ஆளு."

"இப்படி நிமிஷத்துக்கு ஒருத்தர் மாறிக்கிட்டிருந்தா நாம யாரை நம்பி ஆரம்பிக்கது? பொறுப்பான ஆளா ஒருத்தரை முன்கூட்டியே போட்டுரணும்."

பொறுப்பான ஆள் யார் என்று சுற்றிலும் பார்த்தார்கள். கொதிக்கிற ரோட்டில் வெயிலுமுத்து ஒருவர்தான் இருந்தார்.

"எல்லாருக்கும் முந்தி வந்திருக்காரு பாரும். இவரை விட்டா கடைசி ஆளா இருக்க வேற யாருக்குவே தகுதி இருக்கு?" என்றார் தலைவர்.

வெயிலுமுத்து துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, நான் பாட்டுக் கேக்கலாம்னு வந்தேன்."

"அதைத்தானவே சொல்லுதோம்! உமக்குக் கேட்டாத்தான் கச்சேரியே. உம்மை மாதிரி முக்கியமாக் கேக்கப் போறவரு இந்த ஊர்ல யாரு இருக்கா?"

அவர் யோசித்துப் பார்த்தார். அதுவும் சரியாகத்தான் பட்டது. சட்டையில் ஒரு காகிதப் பூவைக் குத்திவிட்டார்கள். அவர் எழுந்து பின்னால் போனார். ராஜகனி வந்து அவருடைய துண்டில் உட்கார்ந்துகொண்டாள்.

"எடத்தை நான் பாத்துக்கிடுதேன். நீங்க பதவியைப் பாருங்க" என்றாள்.

கூட்டத்துக்குப் பின்னால் அவர் நின்ற சிறிது நேரத்துக்கெல்லாம் ஒரு குடும்பம் வந்து அவருக்குப் பின்னால் பாய் விரித்தது. சுடலைமணி சைக்கிளில் பறந்து வந்தார். "என்னவே, பதவியை விட்டுட்டு நடுவுல நிக்கீரு?" வெயிலுமுத்து குடும்பத்துக்குப் பின்னால் போனார். பஸ் வந்தது. இறங்கியவர்கள் வேடிக்கை பார்க்க நின்றார்கள். அவர் பஸ்ஸுக்குப் பின்னால் போனார். டீக்கடையில் இருந்தவர்கள் பெஞ்சைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்கள். அவர் டீக்கடைக்குப் பின்னால் போனார். தெரு வளைந்தது. மேடை மறைந்தது. கடைசியில் ஓடைப் பாலத்தருகே வந்து, அப்பாடா என்று மூச்சு விட்டார். அங்கே பாலத்துச் சுவரில் ஒருவர் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"நீரு கச்சேரிக்கு வந்தவரா?" என்று கவலையோடு கேட்டார் வெயிலுமுத்து.

"எந்தக் கச்சேரி?"

"இலவசக் கச்சேரி."

"இலவசம்னா வந்தவந்தான்."

வெயிலுமுத்து பாலத்தைத் தாண்டிப் போய் நின்றார்.

இருட்டத் தொடங்கியது. திலகவதி மேடைக்கு வந்து உட்கார்ந்து வெகுநேரம் ஆயிற்று. சுடலைமணி சைக்கிளை மிதித்து மூச்சு வாங்கப் பாலத்துக்கு வந்தார்.

"கேக்குதாவே?"

"என்னது?"

"பாட்டு."

"இன்னும் ஆரம்பிக்கலையே."

"நீரு கையைத் தூக்கினாத்தான் ஆரம்பிப்பாவ."

"கேட்டாத்தானவே தூக்க முடியும்? கேக்காமத் தூக்கினா அந்த அம்மாவை ஏமாத்துன மாதிரி ஆகாதா?"

சுடலைமணிக்கு அவருடைய நேர்மை பிடித்திருந்தது. மேடைக்கே திரும்பிப் போய் அப்படியே சொன்னார். சங்கத்தார் நெற்றியைத் தேய்த்தார்கள். பாடினால்தான் கேட்கும். கேட்டால்தான் பாடலாம். இதற்கு வழியே இல்லை என்று அனஞ்சபெருமாள் எழுந்துவிட்டார். திலகவதிதான் மெதுவாகச் சொன்னார்: "அண்ணாச்சி, நான் முதல் வரியை மட்டும் பாடுறேன். அவருக்குக் கேட்டுருச்சுன்னு தெரிஞ்சதும் மேல பாடுறேன்."

படித்த அம்மா என்று எல்லோரும் வியந்தார்கள். வளைவில் நின்று, வெயிலுமுத்துவின் கை எழுந்ததும் தன் கையைத் தூக்கிக் காட்ட வேண்டியது சுடலைமணியின் வேலை. திலகவதி முதல் வரியைப் பாடினார். கை எழவில்லை. மறுபடி பாடினார். எழவில்லை.

அனஞ்சபெருமாளுக்குத்தான் காரணம் பிடிபட்டது. மைக்கை வாங்கினார். "பந்தியில முன்னால இருக்கவனே பாயசத்தை எல்லாம் குடிச்சுட்டா கடைசி இலைக்கு எப்படி வரும்? நடுவுல எத்தனை காது இருக்கு பாருங்க! எல்லாம் உறிஞ்சிப்புடுது. தயவுபண்ணி எல்லாரும் காதைப் பொத்திக்கிடுங்க. சத்தம் சிந்தாமப் போகட்டும்."

"அப்போ நாங்க எதுக்கு வந்தோம்?" என்று முன்வரிசையிலிருந்து ராஜகனி கேட்டாள்.

"இலவசந்தானம்மா, உமக்கு என்ன நட்டம்?"

ஊரே இரண்டு காதிலும் விரலை வைத்து அடைத்துக்கொண்டது. பாய் விரித்த குடும்பம் கைக்குழந்தையின் காதையும் பொத்தியது. காற்றும் அந்த நேரம் பார்த்துப் பாலத்துப் பக்கம் திரும்பியது.

பாலத்துக்கு அந்தப் பக்கம், ஓடைத் தண்ணீருக்கு மேலே, மெல்லியதாக வந்தது அந்தக் குரல். தூறலே, எங்க தெருவுக்கும் வா. வெயிலுமுத்துவுக்கு உடம்பு சிலிர்த்தது. நடுவில் எந்த இரைச்சலும் இல்லை. முதல் வரியை இழுத்து முடிக்கும்போது ஒரு சின்ன நெளிவு இருக்கிறது, அது இத்தனை வருஷமாகத் தெரியவே தெரியாது. கண்ணில் தண்ணீர் கட்டியது. கையை உயரத் தூக்கினார்.

வளைவில் நின்ற சுடலைமணி அதைப் பார்த்துவிட்டார். ஆனால் அவருடைய இரண்டு கையும் காதில் இருந்தன. தலைவர் எல்லாரும் என்று சொல்லியிருந்தார். செயலாளரும் எல்லாரிலும் சேர்ந்தவர்தான். கையைத் தூக்கினால் காது திறந்துவிடும். காது திறந்தால் சத்தம் உள்ளே போய்விடும், வெயிலுமுத்துவுக்குக் கேட்காது. கேட்காவிட்டால் அவர் கையை இறக்கிவிடுவார். இறக்கிவிட்டால் இவர் கையைத் தூக்கியது பொய்யாகிவிடும். சுடலைமணி இதை நான்கு பக்கமும் யோசித்துப் பார்த்துவிட்டு, விரலை இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டார்.

திலகவதி கடைசி பஸ் வரும் வரைக்கும் அந்த முதல் வரியையே பாடிக்கொண்டிருந்தார். கூட்டம் விரலை எடுத்துவிட்டுக் கைதட்டியது. இப்படி அமைதியான கச்சேரியை வாழ்நாளில் கேட்டதில்லை என்று பேசிக்கொண்டே வீட்டுக்குப் போனது. நல்ல மனசுக்காரியான திலகவதி, "பாட வந்துட்டுப் பாடாமப் போற மாதிரி இருக்கு. அடுத்த சனிக்கிழமையும் வர்றேன்" என்று சொல்லி பஸ் ஏறினார்.

"முழுசாக் கேட்டீங்களா?" என்றாள் ராஜகனி.

"மொத வரி கேட்டாச்சு. இனி மிச்சந்தான் பாக்கி" என்றார் வெயிலுமுத்து. அவர் முகம் கல்யாண மாப்பிள்ளை முகம் மாதிரி இருந்தது.

அந்த முகத்தைத்தான் ஊர் பார்த்துவிட்டது. கச்சேரியில் ஏதோ கேட்டவர் அவர் ஒருத்தர்தான் என்பது இரண்டு நாளில் எல்லோருக்கும் விளங்கியது. அப்புறம் யார்தான் முன்னால் உட்காருவார்கள்?

நாலாவது சனிக்கிழமை காகிதப் பூவைத் தலைவரே எடுத்துக் குத்திக்கொண்டார். "மூத்தவனுக்குத்தான் மரியாதை" என்றார். "செயலாளருக்கு ஒரு வாய்ப்புக் குடுக்கக் கூடாதா?" என்று சொல்லிக்கொண்டே சுடலைமணி அவருக்குப் பின்னால் போய் நின்றார். தலைவர் சுடலைமணிக்குப் பின்னால் போனார். அவர்களுக்குப் பின்னால் ஐஸ்கிரீம் கடைக்காரர் போனார். பாய்க் குடும்பம் பாயைச் சுருட்டிக்கொண்டு எல்லோருக்கும் பின்னால் ஓடியது. "நான் மட்டும் என்ன இளிச்சவாயா?" என்று ராஜகனியும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தாள். கூட்டம் முகத்தை மேடைப் பக்கம் வைத்துக்கொண்டே, பின்பக்கமாக நடந்து நடந்து, வளைவைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, அடுத்த ஊரான குருந்தங்குளத்துக்குள் முதுகு காட்டி நுழைந்தது. குருந்தங்குளத்துக்காரர்கள் என்ன விசேஷம் என்று கேட்டுக்கொண்டு இவர்களுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். யார் கடைசி என்ற சண்டை முற்றி, கூட்டம் அந்த ஊரையும் தாண்டியது.

வெயிலுமுத்துவுக்குப் பதவிக்காலம் முடிந்துவிட்டது. அவர் மேடைக்கு முன்னால் பழைய இடத்தில் துண்டை விரித்து உட்கார்ந்தார். கடைவீதியில் வேறு ஈ காக்கை இல்லை.

திலகவதி வந்து எட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி, நீங்க மட்டுந்தானா?"

"இல்லம்மா. எல்லாரும் பின்னால இருக்காவ. குருந்தங்குளம் வரைக்கும் கூட்டம்."

அந்த அம்மாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. அவ்வளவு கூட்டத்துக்கு அவர் எந்த ஊரிலும் பாடியதில்லை. "உங்களுக்குக் கேக்குதா அண்ணாச்சி?" என்றார். வெயிலுமுத்து கையைத் தூக்கினார். சுருதிப்பெட்டி முனகியது. கண்ணை மூடிக்கொண்டு திலகவதி ஆரம்பித்தார்.

"முழுப் பாட்டும்" என்பார் வெயிலுமுத்து, இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் குரல் தழுதழுக்க. "மொதல்ல இருந்து கடைசி வரைக்கும், ஒரு வரி விடாமப் பாடினாவ தம்பி. எனக்கு நேர் எதிர்த்தாப்புல உக்காந்து. அந்தக் கொடுப்பினை யாருக்குக் கிடைக்கும்?"

பிறகு, சொல்ல வேண்டியதே இல்லாத ஒன்றைச் சொல்வதுபோலச் சேர்த்துக்கொள்வார்: "முன்னால இருக்கது நான் ஒருத்தன். பின்னால ரெண்டு ஊரு காத்துக்கிட்டு இருக்கு. நானே எல்லாத்தையும் உறிஞ்சிட்டா அவுகளுக்கு என்ன மிஞ்சும்? அந்த அம்மா வாயைத் தெறந்ததும் ரெண்டு காதையும் இறுக்கிப் பொத்திக்கிட்டேன்."

இதை எத்தனையோ தடவை கேட்டாயிற்று. ஒவ்வொரு தடவையும் ஒரு கேள்வி நாக்கு நுனிவரை வரும். ஒரு மனுஷனுக்கு இருக்கிற ஒரே நிறைவைக் கிளறிப் பார்க்க நமக்கு என்ன உரிமை என்று விழுங்கிவிடுவதுதான் வழக்கம். போன மாசம் விழுங்க முடியவில்லை.

"அண்ணாச்சி, காதைப் பொத்துனது சரி. பாட்டு முழுசா முடிஞ்சுட்டதுன்னு எப்படித் தெரிஞ்சு விரலை எடுத்தீங்க?"

"அந்த அம்மா வாயை மூடினதும் நான் காதைத் தெறந்தேன் தம்பி" என்றார் வெயிலுமுத்து, இதுகூடத் தெரியாதா என்பதுபோல.