முத்திரை உடைக்காத இசைத்தட்டு

வெகு காலத்துக்கு முன்னால், குவளைமலை நாட்டைக் குவலயன் என்றொரு அரசன் ஆண்டான். அவனுக்குப் போர்ப் பைத்தியம் இல்லை, வேட்டைப் பைத்தியம் இல்லை. இசைத்தட்டுப் பைத்தியம். அந்தக் காலத்தில் இசைத்தட்டு ஏது, கிராமபோன் ஏது என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். மந்திரவாதி வரும் கதையில் கிராமபோன் வரக் கூடாதா?

ஏழு அறை நிறையத் தட்டுகள். ஒவ்வொன்றுக்கும் சித்திரம் தீட்டிய உறை. குவலயன் உறையைத் தடவிப் பார்ப்பான். தட்டை விளிம்பில் பிடித்து, வெளிச்சத்தில் சாய்த்து, கீறல் இருக்கிறதா என்று பார்ப்பான். திரும்ப வைத்துவிடுவான். போட்டு மட்டும் கேட்க மாட்டான். ஊசி பட்டால் தட்டு தேயுமாம். தேய்ந்தால் மதிப்பு போய்விடுமாம். அரக்கு முத்திரை உடைக்காத தட்டுதான் அவனுக்கு உசத்தி.

அவன் மனைவி மேகவல்லி கதவருகே வந்து நிற்பாள்.

“ஏங்க, ஒரு நிமிஷம் கேளுங்களேன்.”

“இரு, இரு.”

மல்லிகைப் பந்தல் சாய்ந்ததைச் சொல்ல வந்தாள். இரு, இரு. தன் அம்மா இறந்த சேதியைச் சொல்ல வந்தாள். இரு, இரு. கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொல்ல வந்தாள். இரு, இரு. குழந்தை காத்திருக்கவில்லை, போய்விட்டது. “என்கிட்ட யாருமே சொல்லலையே!” என்று குவலயன் ஊரைக் கூட்டி அழுதான். ஊரும் நம்பியது. மேகவல்லி கதவருகே வருவதை விட்டாள். அதற்குப் பிறகு அவள் ஜன்னலோரம் போய் நின்றுகொள்வதோடு சரி.

ஒரு நாள் தூமகண்டன் என்ற மாயாவி வந்தான்.

“மகாராஜா, உலகத்துல வேற யார்கிட்டயும் இல்லாத தட்டு ஒண்ணு செஞ்சு தர்றேன். காசு வேண்டாம். இந்த அரண்மனையில நீங்க காது குடுக்காத குரல் ஒண்ணு இருக்கு. அதை எடுத்துக்கிறேன்.”

கிளியாக இருக்கும், தவளையாக இருக்கும் என்று குவலயன் நினைத்துக்கொண்டான். “நான் கேக்காத குரல் எனக்கு எதுக்கு? தாராளமா எடுத்துக்கோ,” என்றான்.

மாயாவி நேராக ஜன்னலுக்குப் போனான். மேகவல்லியின் குரல் கறுப்புத் தட்டாகச் சுருண்டது. அவள் உருவம் உறைமேல் சித்திரமாக ஒட்டியது: ஜன்னல், அதன் முன்னால் முதுகு காட்டி நிற்கும் பெண், இடுப்புவரை தொங்கும் பின்னல். அரக்கை உருக்கி ஊற்றியபடியே அவன் அவள் காதில் சொன்னான்: “உன் புருஷன் தன் கையால ஊசி வெச்சு, கடைசிவரைக்கும் கேட்டா நீ வெளியே வருவே, நான் சாம்பலாயிடுவேன். பாதியில எடுத்தா உனக்கு விமோசனமே கிடையாது. தட்டு ஓடாத ஒவ்வொரு நாளும் என் ஆயுசு கூடும். நான் நூறு வருஷம் இருப்பேன் பாரு!”

ராணியைக் காணோம் என்று அரண்மனை அலறியது. “கோவிச்சுக்கிட்டுத் தாய்வீடு போயிருப்பா, வந்துடுவா,” என்றான் குவலயன். தாய் செத்துப்போன வீட்டுக்கு! புதுத் தட்டின் உறையைத் தடவி, “என்ன அழகான பின்னல்!” என்று வியந்தான். சித்திரத்துக்குள் இருந்த மேகவல்லிக்கு அது காதில் விழுந்தது. பத்து வருஷம் பின்னிய பின்னல் அது. ஒரு நாளும் அவன் அதைப் பார்த்ததில்லை.

முதலில், விருந்துக்கு வந்தவர்கள் கெஞ்சினார்கள். “ஒரே ஒரு தடவை போடுங்க மகாராஜா!”

“முத்திரையை உடைக்கவா? விளையாடுறீங்களா?”

மேகவல்லி உள்ளேயே ஒடுங்கினாள்.

அடுத்து, ஜன்னலோரச் சுவரில் குடியிருந்து, மாயாவி செய்ததையெல்லாம் பார்த்த பல்லி பேசியது. பேசும் பல்லிதான். “அரசே, உள்ளே இருக்கிறது உங்க மனைவி. ஊசியை வைங்க.”

குவலயனுக்கு முகம் வெளுத்தது. உறையை எடுத்தான். பின்னலைப் பார்த்தான். அரக்கில் நகத்தை வைத்தான். மேகவல்லி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவனோ, “நீ சொல்றது பொய்யா இருந்தா? உடைச்ச முத்திரையை யார் ஒட்டித் தருவா? நல்ல நாள் பாத்துச் செய்வோம்,” என்று தட்டைத் திரும்ப வைத்துவிட்டான்.

அவளுக்கு அன்றைக்குத்தான் மனம் விட்டுப்போயிற்று. தெரியாமல் விட்டவனை மன்னிக்கலாம். இவனுக்குத் தெரிந்துபோயிற்றே!

மூன்றாவதாக, பக்கத்து நாட்டு அரசன் வீரதுங்கன் வந்தான். அவனும் சேகரிக்கிறவன்தான். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “உள்ளே வெறும் தட்டு. நல்லா ஏமாந்திருக்கீங்க,” என்று சிரித்தான்.

அவ்வளவுதான். மனைவிக்காக உடையாத முத்திரை, வீம்புக்காக ஒரே நொடியில் உடைந்தது. சபை நிறைய ஆட்கள் பார்க்க, குவலயன் ஊசியை வைத்தான்.

பாட்டு வரவில்லை.

“ஏங்க, ஒரு நிமிஷம் கேளுங்களேன். பந்தல் சாஞ்சிடுச்சு.”

“ஏங்க, ஒரு நிமிஷம் கேளுங்களேன். எங்க அம்மா போயிட்டாங்க.”

“ஏங்க, ஒரு நிமிஷம் கேளுங்களேன். பாப்பாவுக்கு உடம்பு அனலாக் கொதிக்குது. பால் குடிக்கலை. வைத்தியரைக் கூப்பிடச் சொல்லுங்க. ஏங்க…”

சபை அரசனைத் திரும்பிப் பார்த்தது. குவலயனின் கை ஊசியை எடுக்கப் பறந்தது. மேகவல்லி உள்ளிருந்து கத்தினாள், யாருக்கும் கேட்கவில்லை. தட்டின் பின்னாலேயே சபைக்கு வந்திருந்த பல்லி உத்தரத்திலிருந்து பொத்தென்று அந்தக் கைமேல் விழுந்தது. அவன் உதறிக்கொண்டு பின்வாங்கினான். சபை முழுக்கப் பார்க்க, மறுபடி கை நீட்ட அவனுக்குத் துணிவு வரவில்லை. தட்டு கடைசிவரை ஓடியது.

எங்கேயோ தூமகண்டன் சாம்பலானான். மேகவல்லி சபை நடுவில் நின்றாள். குவலயனின் கண் முதலில் உறைக்குத்தான் போனது. அதில் ஜன்னல் மட்டும் இருந்தது, பெண் இல்லை. அதன்பிறகுதான் அவளைப் பார்த்தான்.

“மேகவல்லி, உட்காரு. என்ன சொல்லணுமோ சொல்லு. எல்லாத்தையும் கேக்கறேன்.”

“சொல்லி முடிச்சாச்சு,” என்றாள் அவள். பல்லியைத் தோளில் ஏற்றிக்கொண்டு வெளியே நடந்தாள்.

ஆற்றங்கரையில் ஓடக்காரன், “எங்கம்மா போகணும்?” என்றான். அவள் சொல்லத் தொடங்கினாள். போக வேண்டிய இடத்தை இல்லை, பாப்பாவைப் பற்றி. அவன் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, அவள் நிறுத்தும்வரை கேட்டான். அப்புறம்தான் ஓடத்தை அவிழ்த்தான். மாயத்திலிருந்து மீண்டவளுக்கு இதைவிடப் பெரிய பரிசு எந்த நாட்டிலும் கிடையாது.

குவலயன் அதே தட்டைத் தினமும் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, “சொல்லு, கேக்கறேன்,” என்கிறானாம். குரல் போன தட்டு. ஊசி தேய்கிற கரகர சத்தம் மட்டும் வருகிறதாம்.