எட்டு முழப் பிளவு

நெடும்பாறை மலையுச்சியில் தித்தன் என்றொரு கணியர் தங்கியிருந்தார். நிழலை அளந்து நாள் சொல்வார். விண்மீனைப் பார்த்து மழை சொல்வார். வயது முப்பதுகூட நிரம்பவில்லை. அவரிடம் பாடம் கேட்க வந்தவர்களில் எயினிதான் மூத்தவள், அவரைவிடப் பத்து வயது பெரியவள். அந்த மலைக்குடிகளுக்கெல்லாம் அவள்தான் மருத்துவச்சி. பிள்ளைப்பேறு பார்க்க மேடும் பள்ளமுமாக ஓடி ஓடி அவள் கால்கள் உரமேறியிருந்தன.

ஒரு காலையில் அவள் கேட்டாள்.

"ஆசானே, ஒரு கல்லை நேர் முன்னே வீசுகிறோம். அது எப்போது விழத் தொடங்குகிறது?"

"நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், அக்கா?"

"கை கொடுத்த விசை தீர்ந்ததும்."

தித்தன் எழுந்துபோய்ச் சுனையோரப் பாறைமேல் நின்றார். கைக்கொன்றாக இரண்டு கூழாங்கற்களை எடுத்தார். வலக்கைக் கல்லை நேர் முன்னே வீசினார். அதே நொடியில் இடக்கைக் கல்லை வெறுமனே நழுவவிட்டார். ஒன்று பாறையடி நீரில் விழுந்தது, மற்றது நடுச்சுனையில். சத்தம் மட்டும் ஒன்றாகத்தான் கேட்டது.

எயினி மறுபடி செய்யச் சொன்னாள். மறுபடியும் ஒரே சத்தம். இன்னும் பலமாக வீசச் சொன்னாள். கல் எதிர்க்கரையை ஒட்டி விழுந்தது. அப்போதும் ஒரே சத்தம்.

"அப்படியென்றால், வீசிய கல்லும்..."

"கையை விட்ட கணமே விழத் தொடங்கிவிட்டது. முன்னே போவது ஒரு வேலை. விழுவது இன்னொரு வேலை. இரண்டையும் சேர்த்தே செய்கிறது."

அன்று உச்சிவேளை வரை எயினி சுனையோரத்தில் கல் வீசிக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் கண்ணெதிரே நடந்ததைத் தான் பார்க்கவே இல்லையே என்று அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

அடுத்த மாதம் மலையில் பெருங்காற்று அடித்தது.

உச்சிக்கும் கீழ்ப்பாறை என்ற ஊருக்கும் நடுவில் ஒரு பிளவு இருந்தது. அகலம் எட்டு முழம். குனிந்து பார்த்தால் அடி தெரியாது. இக்கரை களம்போலச் சமதரை. அக்கரைத் திட்டு அதைவிட ஏழு முழம் தாழ்வு. சாய்த்துக் கட்டிய மூங்கில் ஏணி ஒன்றுதான் வழி. அதைக் காற்று கொண்டுபோய்விட்டது.

விடிந்ததும் அக்கரையிலிருந்து குரல் கேட்டது. கீழ்ப்பாறைக் கோடன் நின்றிருந்தான்.

"எயினியக்கா! பூவாளுக்கு நேற்றே வலி எடுத்துவிட்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது போலிருக்கிறது!"

பூவாள் அவன் மனைவி.

"ஏணி கட்ட எவ்வளவு நேரமாகும்?"

"மூங்கிலுக்கு அடிவாரம் போகவேண்டும். பொழுது சாய்ந்துவிடும், அக்கா."

எயினி மருந்துப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றாள். பொழுது சாயும்வரை பூவாள் தாங்கமாட்டாள். அது அவளுக்குத் தெரியும். பிளவைப் பார்த்தாள். அதை யாரும் தாண்டியதில்லை.

"ஆசானே, என்னால் முடியுமா?"

தித்தன் சமதரையில் நின்ற பலாமரத்தை நோக்கி நடந்தார். நிழல் அளக்கும் மெல்லிய நூலில் ஏழு முழம் அளந்து, அந்த உயரத்தில் இருந்த கிளையில் ஏறி உட்கார்ந்தார். கீழே இரண்டு கோடுகள் கிழிக்கச் சொன்னார். முதல் கோடு மரத்தடியில். இரண்டாவது அங்கிருந்து எட்டு முழத்தில்.

"தூரத்திலிருந்து ஓடி வாருங்கள். முதல் கோட்டை நீங்கள் மிதிக்கும்போது நான் கல்லை விடுவேன். கல் தரையைத் தொடும்போது எங்கே இருக்கிறீர்கள் என்று பார்ப்போம்."

அவள் ஓடினாள். கல் விழுந்தது.

"ஏழு முழம்" என்றார் தித்தன். "கோட்டுக்கு முன்னால் நிதானித்தீர்கள்."

"கோட்டைப் பார்த்துவிட்டேன்."

"அக்கரையைப் பாருங்கள்."

இரண்டாம் முறை எட்டரை. மூன்றாம் முறை பத்துக்கு ஒரு சாண் குறைவு. அவளுக்கு மூச்சு வாங்கியது.

"இங்கே தரை இருக்கிறது, ஆசானே. அங்கே இல்லையே."

"தரை உங்களை முன்னே கொண்டுபோகவில்லை. விழாமல் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். அங்கே விழுவீர்கள். இந்தக் கல் விழுந்த அதே நேரத்துக்குள் விழுவீர்கள். அதற்குள் எவ்வளவு தூரம் போவீர்கள் என்பதைத்தான் இப்போது பார்த்தோம்."

"பை கனமாயிற்றே. சீக்கிரம் கீழே இழுத்துவிடாதா?"

தித்தன் கைக்கெட்டிய பலாக்காய் ஒன்றைப் பறித்தார். மறுகையில் ஒரு கூழாங்கல். இரண்டையும் ஒன்றாக விட்டார். இரண்டும் ஒன்றாகத் தரையில் மோதின.

"இழுக்காது. ஆனால் உங்கள் ஓட்டத்தைக் குறைக்கும். பையோடு ஓடுங்கள்."

பையை முதுகோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடினாள். ஒன்பது முழம்.

தித்தன் இறங்கி வந்து அக்கரையைப் பார்த்துக் கூவினார். "கோடா! ஊரில் உள்ள வைக்கோலையெல்லாம் கொண்டுவந்து திட்டில் கொட்டு! இடுப்பளவு கொட்டு!"

"அவ்வளவு எதற்கு?" என்றாள் எயினி.

"விழ விழ வேகம் கூடிக்கொண்டே போகும். கடைசி நொடியில்தான் அதிகம்."

வைக்கோல் வந்தது. கோடன் கொட்டிவிட்டுத் தள்ளி நின்றான். எயினி பின்னால் நடந்து நடந்து பலாமரத்தையும் தாண்டிப் போய் நின்றாள். தித்தன் விளிம்பிலிருந்து விலகி வழிவிட்டார்.

அவள் ஓடி வந்தாள். விளிம்பில் நிதானிக்கவில்லை.

வைக்கோல் சிதறி எழுந்தது. அதற்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்தது. பிறகு எயினி எழுந்தாள். நொண்டிக்கொண்டே கோடனின் தோளைப் பற்றி ஊரை நோக்கி விரைந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தித்தன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

உச்சிவெயில் நேரத்தில் கோடன் மூச்சிரைக்க ஓடிவந்து திட்டில் நின்று கத்தினான். எயினி பிள்ளையைத் திருப்பிவிட்டாளாம். பெண் குழந்தை. தாயும் நலம்.

பத்து நாள் கழித்து, புது ஏணியில் எயினி மேலே வந்தாள். கணுக்கால் இன்னும் வீங்கியிருந்தது. தித்தன் அவளைப் பாறைமேல் உட்காரவைத்து, எண்ணெய் எடுத்துவந்து, தானே அந்தக் காலுக்குத் தடவினார்.

"ஆசானே, என்ன இது? விடுங்கள்."

"இருங்கள், அக்கா. நான் எத்தனையோ கல்லை விழவிட்டுப் பார்த்திருக்கிறேன். எந்தக் கல்லும் என்னிடம் வந்து பேசியதில்லை. சொல்லுங்கள். நடுவெளியில் எப்படி இருந்தது?"

எயினி யோசித்தாள்.

"கனமே தெரியவில்லை. பை அவிழ்ந்து போய்விட்டதோ என்றுகூட நினைத்தேன். முதுகில் அது இருப்பதாகவே இல்லை. உடம்பும் அப்படித்தான். அந்தக் கொஞ்ச நேரம், ஆசானே, நான் விழவே இல்லை என்று தோன்றியது."

தித்தனின் கை நின்றது.

"முழுக்க விழுந்துகொண்டிருந்தீர்கள், அக்கா" என்றார். "பையும் உங்களோடு சேர்ந்தே விழுந்தது. அதனால்தான் கனம் தெரியவில்லை."