நஸ்ரினிடம் அனிமே கற்ற அருமைநாயகம்

"அடுத்தவங்க படத்தைப் பாத்தா என் பாணி கெட்டுப் போயிரும்லா டீச்சர்?" என்று கேட்டார் அருமைநாயகம்.

அவர் பாளையங்கோட்டையில் மருந்துக்கடை வைத்திருப்பவர். தலை பாதி நரைத்துவிட்டது. டீச்சர் நஸ்ரினுக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும். ஜெராக்ஸ் கடை மாடியில் அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன் வரையச் சொல்லித் தருகிறாள்.

அவள் அவருடைய படங்களைப் புரட்டினாள்.

வீரன், இளவரசி, மந்திரவாதி, பள்ளிக்கூடப் பிள்ளை. எல்லோருக்கும் நெற்றிமுடி ஒரு கண்ணை மறைத்தது. எல்லோரும் கைகளைப் பாக்கெட்டுக்குள் விட்டிருந்தார்கள். இளவரசியும்தான்.

"இளவரசி பாவாடைக்குப் பாக்கெட் எதுக்கு சார்?"

"அதான் டீச்சர் என் பாணி."

நஸ்ரின் ரப்பரை எடுத்து இளவரசியின் நெற்றிமுடியை அழித்தாள். மனுஷருக்குப் பகீரென்றது.

"இந்தக் கண்ணைப் போடுங்க."

போட்டார். ஒரு கண் அவரைப் பார்த்தது, மற்றது கூரையைப் பார்த்தது. அழித்தார். மறுபடி போட்டார். தாள் கிழிந்ததுதான் மிச்சம்.

அவள் அலமாரியிலிருந்து ஜப்பானிய ஓவியர் ஒருவரின் புத்தகத்தை எடுத்து விரித்தாள். சற்றே பக்கவாட்டில் திரும்பிய ஒரு பெண்ணின் முகம்.

"பாருங்க. மூடிட்டு வரைங்க. அப்புறம் திறந்து, எங்க தப்புன்னு பாருங்க."

"டிரேஸ் எடுத்தா லேசா முடிஞ்சிரும்லா?"

"கைக்கு லேசுதான் சார். கண்ணு தூங்கிரும்."

அன்றுதான் அருமைநாயகம் முதன்முறையாக இன்னொருவர் போட்ட கோட்டை உட்கார்ந்து பார்த்தார். தள்ளி இருக்கிற கண்ணை அந்த ஓவியர் கொஞ்சம் ஒடுக்கியிருந்தார். கீழ் இமையைப் போடவே இல்லை. போடாமலே அது தெரிந்தது.

"அடேயப்பா!" என்றார். என்ன கை ஐயா அது!

அதன்பின் மனுஷர் விடவில்லை. விரல்களுக்கு ஒருவர், காற்றில் பறக்கும் முடிக்கு ஒருவர், மழைக்கு ஒருவர் என்று தேடித் தேடிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க ஒவ்வொருவர் மேலும் மரியாதை கூடியது. இருமல் மருந்து வாங்க வந்தவர்கள் கடை வாசலில் இருமிக்கொண்டே நின்றார்கள்.

ஒரு சாயங்காலம் முகம் தொங்கிப்போய் வந்தார். பென்சில் டப்பாவை மேசை ஓரத்தில் வைத்தார்.

"நான் வரையறதை நிறுத்திக்கிடுதேன் டீச்சர்."

"ஏன் சார்?"

"எம் மவ என் படத்தைப் பாத்துட்டு, கண்ணு இவரு மாதிரி, முடி அவரு மாதிரின்னு ஒவ்வொரு பேராச் சொல்லுதா. இதுல நீங்க எங்கப்பான்னு கேக்கா. நானும் தேடித் தேடிப் பாத்தேன்." டப்பாவை அவள் பக்கம் தள்ளினார். "இருந்த பாணியும் போச்சு. எனக்குன்னு ஒண்ணுமே இல்ல."

மேசையை மறைத்துக்கொண்டிருந்த நஸ்ரின் சற்று விலகினாள்.

மேசை நடுவில் அவர் போன வாரம் கொடுத்துப்போன படம் இருந்தது. பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண், கிளிப்பைப் பல்லில் கடித்தபடி இரண்டு கைகளாலும் கொண்டை போடுகிறாள்.

அதைச் சுற்றிலும் நஸ்ரின் வரைந்த தாள்கள். எல்லாவற்றிலும் அதே பெண். எல்லாவற்றிலும் வாய் அழித்து அழித்துக் கறுத்திருந்தது.

"இது என் படம்லா?"

"ஆமா சார். காலையிலேருந்து பாத்துப் பாத்துப் போடுதேன். கிளிப்பைக் கடிச்சுக்கிட்டே யாரையோ திட்டுதா பாருங்க, அந்த உதடு எனக்கு வரவே மாட்டேங்கு. இதை எந்த ஓவியர்கிட்ட பாத்தீங்க?"

அருமைநாயகம் யோசித்தார். படித்த புத்தகங்களையெல்லாம் மனசுக்குள் புரட்டிப் பார்த்தார்.

"யார்கிட்டயும் இல்ல," என்றார் மெதுவாக. "எங்க வீட்ல எம் மவ தினம் காலையில அப்படித்தான் நிப்பா."

நஸ்ரின் தன் பென்சிலை அவர் பக்கம் நகர்த்தினாள். நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"மெதுவாப் போடுங்க சார். நான் பாக்கணும்."