பதினேழாம் டோக்கன்

குருவுக்குத் தாடி இருக்க வேண்டும் என்று எந்த ஊரிலும் சட்டம் இல்லை. இந்தக் கதையின் குருவுக்கு வயது நாற்பத்து மூன்று. பெயர் தில்லைநாயகி. வெளிநாட்டு உதவியில் நகரங்களில் நடக்கும் திட்டங்கள் உருப்பட்டனவா என்று பார்த்து எழுதுவது அவர் தொழில். சீடருக்கு வயது அறுபத்தொன்று. பெயர் குற்றாலிங்கம். நகராட்சியில் முப்பத்திரண்டு வருஷம் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் இந்தத் தொழிலைக் கற்க வந்தார்.

குரு தன்னைவிடப் பதினெட்டு வயது இளையவர் என்பதை அவர் ஒரு வாரத்தில் செரித்துக்கொண்டார். மற்றவற்றைச் செரிக்கக் கொஞ்சம் நாளாயிற்று.

இருவரும் ஒரு துறைமுக நகரத்துக்கு வந்திருந்தார்கள். அங்கே சங்குத்துறை மேடு என்று ஒரு குடியிருப்பு. ஏழு வருஷத்துக்கு முன் ஒரு வெளிநாட்டு நிறுவனம் அங்கே குழாய்த் தண்ணீரும், கழிப்பறைகளும், கழிவுநீரை அங்கேயே சுத்தம் செய்யும் தொட்டியும் அமைத்துக் கொடுத்தது. நகரத்தின் பெரிய குழாய்க்காகக் காத்திராமல் மேட்டுக்காரர்களே நடத்திக்கொள்ளும் ஏற்பாடு. கட்டிக் கொடுத்தவர்கள் நாலு வருஷத்தில் விமானம் ஏறிவிட்டார்கள். இப்போது நடத்துவது மேட்டின் தண்ணீர்க் குழு.

பக்கத்தில் இன்னும் ஆறு குடியிருப்புகள் இதே போன்ற குழாய்க்குக் காத்திருந்தன. அங்கெல்லாம் இன்னமும் லாரித் தண்ணீர்தான், குடத்தோடு ஓட்டம்தான். மேட்டுத் திட்டத்துக்கு ஐந்து தலைப்புகளில் மார்க் போட வேண்டும், தலைப்புக்கு ஐந்து. ஏதாவது ஒன்றில் மூன்றுக்குக் கீழே போனால் அந்த ஆறுக்கும் குழாய் கிடையாது.

மார்க் போடும் பொறுப்பை இந்த முறை சீடரிடம் விட்டிருந்தார் தில்லைநாயகி.

"நீங்க போடுறதுதான் சார். நான் திருத்த மாட்டேன்."

குற்றாலிங்கம் நாலு தலைப்புகளை முடித்திருந்தார். குழாயைத் தட்டினார், தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார், தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதித்தார். நாலுக்கும் நாலு நாலு மார்க். ஐந்தாவது தலைப்பு, 'நிலைத்து நிற்குமா?' அங்கே பேனா நின்றுவிட்டது.

"மேடம், குழாயைத் தட்டினா எத்தனை வருஷம் வரும்னு சொல்லிருவேன். இது நிக்குமான்னு எதைத் தட்டிப் பாக்குறது?"

"நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. குழு கூடுற நாள்," என்றார் தில்லைநாயகி. "போவோம். நீங்க பேசுங்க. நான் சும்மா வர்றேன்."

மறுநாள் காலை ஒன்பதரைக்குப் போனார்கள். தகரக் கூரை போட்ட ஒரே அறை. மேசைக்குப் பின்னால் குழுச் செயலாளர் பரிபூரணம் உட்கார்ந்திருந்தார். விடியற்காலை ஏலக்கூடத்தில் மீன் எடுத்து, எட்டு மணிக்குள் விற்றுவிட்டு, குளித்து, தலையில் பூவோடு வந்திருந்தார். முன்னால் நீள பெஞ்சுகளில் கூட்டம்.

குற்றாலிங்கம் நேராக மேசைக்குப் போய்க் கடிதத்தை நீட்டினார். வெளிநாட்டு முத்திரை போட்ட கடிதம். பரிபூரணம் அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிதானமாகப் படித்தார். பிறகு ஓர் அட்டைத் துண்டை எடுத்து நீட்டினார்.

"பதினேழு. உக்காருங்க சார்."

"நாங்க மதிப்பீட்டுக் குழும்மா."

"தெரியும் சார். லெட்டர்ல போட்டிருக்கே."

"பதினொரு மணிக்கு ஆணையரைப் பாக்கணும்."

"பாத்துட்டு வாங்க சார். டோக்கன் சாயங்காலம் வரைக்கும் செல்லும்."

குற்றாலிங்கம் திரும்பிக் குருவைப் பார்த்தார். குரு ஏற்கெனவே பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் அவரும் உட்கார்ந்தார். முப்பத்திரண்டு வருஷம் அவர் அறைக்கு வெளியே பிறர்தான் காத்திருந்தார்கள். இந்தப் பக்கத்துப் பெஞ்சு எவ்வளவு கடினம் என்று அவருக்கு இன்றுதான் தெரிந்தது.

அவர் பக்கத்தில் சட்டையை உள்ளே விட்ட ஓர் ஆள், கையில் பன்னிரண்டாம் நம்பரோடு இருந்தார். நகராட்சியின் உதவிப் பொறியாளராம்.

"நீங்களுமா?" என்றார் குற்றாலிங்கம்.

"ரெண்டு வருஷமா வர்றேன் சார். பழகிரும்."

குற்றாலிங்கத்துக்குக் காது சிவந்தது. பென்சிலை எடுத்தார். வந்தவர் யார் என்று பார்த்து எழுந்திருக்கத் தெரியாத இடம் எப்படி நிலைக்கும்? ஐந்தாவது தலைப்புக்கு எதிரே 'இரண்டு' என்று எழுதினார். எழுதியது குருவின் கண்ணில் பட வேண்டும் என்றே தாளைச் சாய்த்துப் பிடித்தார். தில்லைநாயகி பார்த்தார். பார்த்துவிட்டு மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாலாம் நம்பர் ஒரு வாட்டசாட்டமான ஆள். கவுன்சிலரின் மச்சினன்.

"மாடி வீட்டுக்குத் தனிக் கனெக்‌ஷன் கேட்டேனே, என்னாச்சு?"

"உங்களுக்கு முன்னாடி ஒம்பது வீடு இருக்கு அண்ணே."

"மச்சான்கிட்ட சொல்லட்டுமா?"

"சொல்லுங்க. அவரு போன வாரம் பதினொண்ணாம் நம்பர்ல வந்தாரு. அவருக்கும் இதைத்தான் சொன்னோம்."

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். மச்சினனும் வேறு வழியில்லாமல் சிரித்துவிட்டு இறங்கிப் போனார்.

ஏழாம் நம்பர் ஒரு பெண். வந்த வேகத்தில் மேசையைத் தட்டினார்.

"நாலு நாளா எங்க சந்துல தண்ணி சொட்டுது. சொன்னா யாருக்குக் காது கேக்குது? பரிபூரணத்துக்கு இப்ப பெரிய மனுஷின்னு நெனப்பு. தலைகால் புரியல!"

பரிபூரணம் தடித்த ஒரு புத்தகத்தைத் திறந்தார்.

"இரு, எழுதிக்கிறேன். 'நாலு நாளாகத் தண்ணீர் சொட்டுகிறது. செயலாளர் பரிபூரணத்துக்குத் தலைகால் புரியவில்லை.' சரியா?"

"பெரிய மனுஷின்னு நெனப்புன்னும் சொன்னேன்."

"அதையும் சேத்துட்டேன். கையெழுத்துப் போடு. செல்வராணி, ரெஞ்சை எடுத்துக்கிட்டு இவ கூடப் போ. இப்பவே."

குழாய் வேலை செய்யும் செல்வராணி பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். புகார் சொன்ன பெண் வாசல் வரை போய்த் திரும்பிப் பார்த்து, "பூ நல்லாருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

குற்றாலிங்கத்தின் பென்சில் கையிலேயே இருந்தது. ஆணையரைப் பார்க்கும் நேரம் வந்தது, போனது. அவர் எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு நம்பருக்கும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பதினொன்றே முக்காலுக்கு, "பதினேழு," என்றார் பரிபூரணம்.

இருவரும் போய் முன்னால் நின்றார்கள்.

"சொல்லுங்க சார். என்ன குறை?"

"குறை ஒண்ணும் இல்லம்மா. சில கேள்விகள்," என்று தாளைப் பார்த்தார் குற்றாலிங்கம். பழக்கதோஷம், எழுதி வைத்திருந்ததை அப்படியே கேட்டார். "கட்டிக் கொடுத்தவங்க போயிட்டாங்க. இனிமே இதையெல்லாம் யாரு பாத்துக்குவா?"

பரிபூரணம் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ரெண்டு மணி நேரமா இங்கதானே சார் உக்காந்திருந்தீங்க?"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. குற்றாலிங்கம் தாளை மடித்துப் பையில் வைத்தார்.

"எங்ககிட்டயும் ஒரு கேள்வி இருக்கு," என்றார் பரிபூரணம். "ஏழு வருஷத்துல ஆயிரத்து நானூறு புகார் இந்தப் புத்தகத்துல ஏறியிருக்கு. தீராததை மாசாமாசம் கூட்டத்துல சத்தமா வாசிப்போம். வெக்கப்பட்டாவது தீத்துருவோம்ல. மூணு வருஷமா தீராம நிக்கிறது ஒண்ணே ஒண்ணுதான்."

பக்கத்தைப் புரட்டி வாசித்தார். "'ஆய்வுக்கு வந்தவர்கள் இரண்டு நாள் கேள்வி கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னோம். எழுதியதைத் தமிழில் தருவதாகச் சொன்னார்கள். தரவில்லை.'"

நிமிர்ந்து தில்லைநாயகியைப் பார்த்தார். "அப்ப வந்தது நீங்கதானே மேடம்?"

குற்றாலிங்கம் பதறிப்போனார். "இல்லம்மா, அதெல்லாம் ஆபீஸ் முறைப்படி..."

"நான்தான்," என்றார் தில்லைநாயகி. "இங்கிலீஷ்ல எழுதி அனுப்பினேன். அதோட வேலை முடிஞ்சதுன்னு விட்டுட்டேன். என் தப்பு."

"எங்களைப் பத்தி என்ன எழுதினீங்கன்னு எங்களுக்குத் தெரிய வேண்டாமா? கொறை இருந்தா அன்னைக்கே திருத்தியிருப்போமே."

"நியாயம்."

"என்னைக்குத் தருவீங்க?"

"அடுத்த மாசம் முதல் செவ்வாய். நானே கொண்டு வர்றேன்."

பரிபூரணம் எழுதினார். வாசித்துக் காட்டினார். தில்லைநாயகி கையெழுத்துப் போட்டார். அவர் முகத்தில் வெட்கம் இருந்தது. ஆனால் வெட்கத்தைவிடப் பெருமை அதிகமாக இருந்தது. பெற்ற பிள்ளை நாலு பேர் நடுவில் எழுந்து நியாயம் கேட்டால் தாய்க்கு வருமே, அந்தப் பெருமை. ஆனால் இந்தப் பிள்ளைகளை அவர் பெறவும் இல்லை, வளர்க்கவும் இல்லை. அதுவும் அவருக்குத் தெரியும்.

"வரும்போது டோக்கன் எடுத்துக்கோங்க மேடம்," என்றார் பரிபூரணம். "பதினெட்டு!"

மேட்டிலிருந்து இறங்கும் வழியில் ஒரு தேநீர்க் கடை. பெஞ்சில் உட்கார்ந்ததும் குற்றாலிங்கம் தாளை எடுத்தார். இரண்டை அழித்தார். அழித்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ். என் மேல வந்த ஒரு புகாரைக்கூட நான் என் கையால எழுதினதில்லை."

தில்லைநாயகி தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"நீங்க என்னைத் தடுக்கவே இல்லையே. ரெண்டு போட்டதைப் பாத்தீங்க. நான் அப்படியே கொடுத்திருந்தா ஆறு குடியிருப்புக்குத் தண்ணி இல்லாம போயிருக்கும்."

"பாத்தேன். பயந்துதான் போனேன்," என்றார் தில்லைநாயகி. "ஆனா அந்த மேட்டு ஜனங்க மேல நம்பிக்கை இருந்துச்சு. பதினேழு வர்றதுக்குள்ள உங்களை மாத்திருவாங்கன்னு."

குற்றாலிங்கம் பென்சிலைப் பையில் போட்டுவிட்டுப் பேனாவை எடுத்தார். 'ஐந்து' என்று எழுதினார். பிறகு அதிகாரியாக இருந்த காலத்துப் பழைய பயம் வந்துவிட்டது.

"நாலு தலைப்புக்கு நாலு, இதுக்கு மட்டும் அஞ்சா? ஒரு ரிப்போர்ட்டுலயும் இப்படிப் போட்டு நான் பாத்ததில்லை. ஏன்னு மேலிடத்துல கேட்டா என்ன சொல்றது மேடம்?"

தில்லைநாயகி காலி டம்ளரைக் கீழே வைத்தார்.

"மேலிடத்துலயிருந்துதானே சார் இப்ப வர்றோம். அங்க கேட்டதை எழுதுங்க."